மலையடிவாரத்து ரோமாபுரிக் காசு

ஊட்டியில் ‘பிரீக்ஸ் ஸ்கூல்’ எங்கே என்று கேட்டால் வழி சொல்ல ஆள் கிடைக்கும். பிரீக்ஸ் யார் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், 1868-ல் நீலகிரியின் முதல் கமிஷனராக வந்த ஆங்கிலேய அதிகாரி. அதுவரை கோயம்புத்தூர் கலெக்டரின் கீழ் இருந்த மலை அந்த ஆண்டுதான் தனி நிர்வாகமானது. மலையில் வாழும் மக்களின் ஆயுதங்கள், நகைகள், பாத்திரங்களைத் திரட்டித் தரும்படி கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்து வேண்டுகோள் வர, பிரீக்ஸ் அதோடு நிற்காமல் மலை முகடுகளில் கிடந்த பழைய கற்குவைகளையும் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார்.

வட்டமாக அடுக்கிய கற்களுக்கு நடுவே, மண்ணுக்கு அடியில், இறந்தவர்களின் சாம்பலோடு புதைத்த பொருட்கள் வந்தன. மூடியில் எருமை நிற்கும் பானை, குதிரைக்காரன் உட்கார்ந்திருக்கும் பானை, இரும்பு ஈட்டி முனை, அரிவாள். இவற்றோடு யாரும் எதிர்பார்க்காத வேலைப்பாட்டில் வெண்கலக் கிண்ணங்களும் தங்க நகைகளும் கிடைத்தன. சில கிண்ணங்களின் உட்புறம் தாமரை விரிந்ததுபோல இதழ் இதழாக வார்க்கப்பட்டிருந்தது. பிரீக்ஸ் 1872-ல் இறந்துபோனார். அவர் எழுதி வைத்திருந்தது அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. தோண்டி எடுத்தவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கிறது.

தங்கம்கூடப் பந்தலூர், தேவாலா பக்கத்து மண்ணிலேயே உண்டு. 1880 வாக்கில் அதற்காக ஒரு பெரும் வேட்டையே நடந்தது. ஆனால் வெண்கலத்துக்குத் தேவையான வெள்ளீயம் இந்த மலையில் கிடையாது. அப்படியானால் மலை தனித்துக் கிடக்கவில்லை. கீழே யாரோ கொண்டு வந்தார்கள், மேலே யாரோ வாங்கினார்கள். பதிலுக்கு மேலிருந்து ஏதோ இறங்கியிருக்க வேண்டும். இந்தக் கிண்ணங்களில் சில கி.பி. முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதாவது, ரோமப் பேரரசு உச்சத்தில் இருந்த காலம். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் எது கிடைத்தது என்பதை அன்றைய தோண்டல்காரர்கள் இன்றைய முறையில் குறித்து வைக்கவில்லை. அந்த அலட்சியத்துக்கு விலை அதிகம். மலையில் இருந்தவர்களின் கைக்கு ரோமாபுரிச் சரக்கு ஏதேனும் வந்ததா என்ற கேள்விக்கு அந்தக் குழிகளே பதில் சொல்லியிருக்கலாம்.

மலை இறங்கினால் கதை வேறு. குன்னூர் லாம்ஸ் ராக் பாறையில் நின்றால், மேகம் விலகும் நேரத்தில், மேட்டுப்பாளையமும் அதற்கப்பால் கோவைச் சமவெளியும் தட்டையாக விரிந்து கிடக்கும். அந்தச் சமவெளியில்தான் இந்தியாவிலேயே மிக அதிகமான ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்த ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன.

கோவைக்குத் தென்கிழக்கே, நொய்யல் ஓரம், வெள்ளலூர். இன்று கோவைக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னதும் மாநகராட்சியின் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். 1842-ல் அங்கே ஒரு பானை கிடைத்தது. உள்ளே 500-க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள். பின்னாளில் அதே ஊரில் இன்னொரு காசுக் குவியலும், தங்க மோதிரங்களும் கிடைத்தன. அதற்கு முன்பே, 1800-ல், பொள்ளாச்சியில் ஒரு பானை கிடைத்த செய்தியை அந்த வழியாகப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன் எழுதியிருக்கிறார். உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். கரூரில் அமராவதி ஆற்று மணலில் காசு பொறுக்கியே சேகரிப்பாளர்கள் ஆனவர்கள் உண்டு.

இந்தக் காசுகளில் பெரும்பகுதி இரண்டே வகைதான். முதல் வகையில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை. திருப்பினால் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் அகஸ்டஸின் பேரன்கள் காயஸ், லூசியஸ். அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்வதற்காக, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடித்த காசு அது. லூசியஸ் கி.பி. 2-லும் காயஸ் கி.பி. 4-லும் தாத்தாவுக்கு முன்னரே செத்துப்போனார்கள். பட்டத்துக்கு வந்தவர் திபேரியஸ். இரண்டாவது வகைக் காசு அவருடையது: முன்பக்கம் இலை மாலை சூடிய தலை, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், கையில் கிளை. பெண்ணைச் சுற்றி ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ என்ற எழுத்து. தலைமைப் பூசாரி என்று பொருள். சக்கரவர்த்தியின் பட்டங்களில் ஒன்று. சீசருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு காட்டச் சொன்ன காசு இந்த வகைதான் என்பது பலருடைய கருத்து. உள்ளங்கையில் வைத்தால் பழைய கால் ரூபாய் அளவுகூட இருக்காது, எடை 4 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளி.

கொங்கு வியாபாரிக்கு அந்த முகம் யாருடையது என்பது ஒரு பொருட்டே இல்லை. வெள்ளி எவ்வளவு சுத்தம் என்பதுதான் அவன் கணக்கு. கி.பி. 64-ல் நீரோ சக்கரவர்த்தி காசின் எடையைக் குறைத்தார், வெள்ளியில் செம்பையும் கூட்டினார். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் கொங்குப் புதையல்களில் அரிது. பழைய காசைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். ரோமாபுரியின் நாணயக் கொள்கை சரியில்லை என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர்களில் நம் ஊர்த் தராசுக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

ஏன் இங்கே இத்தனை காசு? மேற்குத் தொடர்ச்சி மலை, கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே எழுப்பிய மதில். நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலை இன்னும் உயரம். இரண்டுக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாமல் ஒரு திறப்பு. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மேற்கே போனால் முசிறித் துறைமுகம், இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம். கிழக்கே போனால் வெள்ளலூர், கொடுமணல், கரூர், அப்புறம் காவிரியோடு கீழைக் கடற்கரை. குமரிமுனையைச் சுற்றிக் கப்பல் ஓட்டுவதைவிட இந்தத் தரைவழி பல சரக்குக்குச் சுலபம். சோழர் காலத்திலும் இந்த வழி ஓயவில்லை. கோவை சுண்டக்காமுத்தூர் அருகே ‘இராசகேசரிப் பெருவழி’ என்று பெயர் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.

முசிறிக்குக் கப்பல் வந்த கணக்கை நீலகிரிக்காரர்கள் தங்கள் மழையை வைத்தே புரிந்துகொள்ளலாம். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கப்பல்கள் ஜூலை வாக்கில் கிளம்பும். தென்மேற்குப் பருவக்காற்றுப் பாயை நிறைக்கும். செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு ஏறக்குறைய 40 நாள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அதே காற்றுதான் கூடலூரிலும் நடுவட்டத்திலும் கூரையைப் பிய்க்கும் மழையாக இறங்குகிறது. சரக்கு ஏற்றி முடித்து, குன்னூர், கோத்தகிரிக்கு மழை தரும் வடகிழக்குக் காற்று தொடங்கிய பிறகு, மார்கழி வாக்கில் கப்பல்கள் திரும்பும். போக ஒரு பருவம், வர ஒரு பருவம். மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மழை என்ற அதே ஏற்பாடு.

ஏற்றிய சரக்கு என்ன? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு மாலுமியோ வியாபாரியோ கிரேக்க மொழியில் எழுதி வைத்த ‘எரித்ரேயக் கடல் வழிகாட்டி’ பட்டியல் போடுகிறது. முதலில் மிளகு. பிறகு முத்து, யானைத் தந்தம், சீனப் பட்டு, கங்கைக் கரைச் சடாமாஞ்சில், வாசனை இலைகள், ஒளி ஊடுருவும் கற்கள், ஆமையோடு. இந்தப் பட்டியலில் மிளகும் தந்தமும் மலைச்சரக்கு. மிளகு ஊட்டிக் குளிரில் வராது. மேற்குச் சரிவின் தாழ்ந்த காடுகளில், இன்றைய கூடலூர், வயநாடு மாதிரியான இடங்களில் மரத்தைப் பற்றி ஏறும். யானைக்கு முதுமலைக் காட்டை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காட்டில் பறித்தவனும் தந்தம் சுமந்தவனும் கிரேக்கன் எழுதிய பட்டியலில் இல்லை. எந்தச் சந்தையில், எதற்கு மாற்றாக அவன் கொடுத்தான் என்றும் எவரும் எழுதி வைக்கவில்லை. வெள்ளிக்காசு அவன் கைவரை வந்திருக்கும் என்று நம்புவது கடினம். உப்பும் நெல்லும் துணியும் வந்திருக்கும்.

ரோமர்கள் கொண்டு வந்தவற்றில் ஏராளமான காசும், திராட்சை மதுவும், பவளமும், செம்பும், வெள்ளீயமும், ஈயமும் உண்டு. அதே வழிகாட்டி ஒரு வேடிக்கையான தகவலும் தருகிறது: கொஞ்சம் கோதுமையும் கொண்டு போக வேண்டும், ஆனால் விற்க அல்ல. கப்பல்காரர்கள் தின்பதற்கு. உள்ளூர் வியாபாரிகளுக்குக் கோதுமை பழக்கமில்லையாம்.

கற்கள் விஷயத்தில் கொங்குக்கு ஈடு இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர் என்ற ஊரில் நீலப்பச்சை நிறத்தில் பெரில் என்னும் கல் கிடைத்தது. கடல் தண்ணீரைக் கல்லாக்கினால் எப்படி இருக்குமோ அந்த நிறம். ஆங்கிலேயர்கள் 1819-20-ல்கூட அங்கே சுரங்கம் வைத்துத் தோண்டினார்கள். பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும் என்கிறார் பிளினி. அதை ஆறு பட்டையாகத் தீட்டினால்தான் மங்கலான நிறம் ஒளி பெறும் என்கிறார்; இந்தியர்கள் துளையிட்டுக் கோப்பதையே விரும்புவதாகவும் எழுதுகிறார். தாலமி என்ற அலெக்சாந்திரியப் புவியியலாளர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், பெரில் கிடைக்கும் இடம் என்று ‘புன்னாட’வைக் குறிக்கிறார். அது கபினி ஆற்றுப் பக்கம் இருந்த புன்னாடு, அதாவது நீலகிரிக்கு வடக்கே, மைசூர் மேட்டு நிலத்தில். சேர அரசனின் ஊர் என்று கரூரையும் அவர் சொல்லியிருக்கிறார். மலையின் இரண்டு பக்கத்தையும் மத்தியதரைக் கடற்கரையில் உட்கார்ந்தபடி ஒருவர் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறார்.

படியூர்க் கல் மணியான இடம் கொடுமணல். நொய்யலின் வடகரை, ஈரோடு மாவட்டம், சென்னிமலைக்குப் பக்கம். 1980-களின் நடுவில் தொடங்கிய அகழாய்வுகளில், கா. ராஜன் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் அங்கே ஒரு தொழிற்பேட்டையையே வெளிக்கொண்டு வந்தார்கள். பாதி தீட்டிய மணி, துளையிடும்போது உடைந்த மணி, தீட்டாமல் கிடந்த கல், இரும்பு உருக்கிய உலை. பெரிலோடு படிகமும், வேற்றிடங்களிலிருந்து வந்த சூதுபவளமும் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லும் அங்கே கிடைத்தன. பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருந்தன, நூற்றுக்கணக்கில். மணி தீட்டும் ஊரில் இத்தனை பேர் பெயர் எழுதத் தெரிந்திருந்தது ரோமக் காசைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொன்னாலும் தப்பில்லை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று நகைக்குப் பெயர் பெற்றதாக வரும் ஊர் இதுதான் என்கிறார்கள்.

இந்த வியாபாரத்தின் பணக்கணக்கு எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்ட ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் அந்தப் பாப்பிரஸ் 1985-ல் அச்சாகி வெளிவந்தது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டு எழுத்து. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். கப்பல் திரும்பியதும் செங்கடல் துறையிலிருந்து சரக்கை நம்பகமான ஒட்டகக்காரனிடம் ஒப்படைக்க வேண்டும். பாலைவனம் கடந்து கோப்டோஸ் நகரின் பண்டகசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து நைல் ஆற்றில் படகேற்றி அலெக்சாந்திரியா சேர்க்க வேண்டும். வழி நெடுக சரக்கின்மேல் கடன் கொடுத்தவனின் முத்திரை இருக்கும். தவணை தவறினால் சரக்கு அவனுக்கு. மறுபக்கம், ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பல் கொண்டு வந்த சரக்கின் மதிப்பு: சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைத் தந்தம், இன்னும் சில. அரசுக்குச் சேர வேண்டிய வரி, நான்கில் ஒரு பங்கு. அதைக் கழித்த பிறகும் ஒரே கப்பலின் சரக்கு, ரோம நாணயக் கணக்கில், ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இத்தாலியில் பெரிய பண்ணையே வாங்கிவிடக்கூடிய தொகை. 25 சதவீத வரி என்றால் ரோம அரசுக்கு இந்த வியாபாரத்தில் எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆண்டுதோறும் இந்தியா நம் கஜானாவிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸைக் கொண்டு போகிறது என்று பிளினி புலம்புகிறார். பள்ளிப் புத்தகம்வரை வந்துவிட்ட வாக்கியம் இது. அதை அப்படியே விழுங்கக் கூடாது. பிளினி ஆடம்பரத்தைத் திட்டுவதற்கென்றே இந்தக் கணக்கைக் கொண்டு வருகிறார். அரசு வாங்கிய வரியை அவர் சொல்வதில்லை. ஆனால் அவர் தரும் விலைவாசி உபயோகமானது. கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ், அதாவது கொங்கில் கிடைத்த அந்த வெள்ளிக்காசில் நான்கு. அகஸ்டஸ் காலத்துப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ரோம ராத்தல் இன்றைய கணக்கில் 330 கிராம்கூட இல்லை. ஆக, கால் கிலோவுக்குச் சற்று அதிகமான மிளகுக்கு ஒரு சிப்பாயின் ஒரு வாரச் சம்பளம். அப்படியும் வாங்கினார்கள். ரோமில் மிளகுக்கென்றே பெரிய பண்டகசாலை கட்டினார்கள். கி.பி. 408-ல் கோத்தியர் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டு, விலகிப்போக விலை கேட்டபோது, தங்கம் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தலோடு மிளகு 3,000 ராத்தலும் அந்தப் பேரத்தில் இருந்தது.

தூரத்து வாங்குபவனை நம்பிப் பிழைப்பது என்னவென்று குன்னூர் ஏல மையத்துக்குத் தெரியும். 1963 முதல் அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. நீலகிரித் தூளுக்கு ஒரு காலத்தில் சோவியத் யூனியன்தான் பெரிய வாடிக்கை. அந்த நாடு 1991-ல் கலைந்தது. பத்தாண்டு முடிவதற்குள் பச்சைத் தேயிலை விலை சரிந்து, சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நீரோ காசில் செம்பு கலந்தபோது கொடுமணலில் என்ன நடந்தது என்று எழுதி வைத்தவர் இல்லை. பழைய காசைப் பானையில் போட்டுப் புதைத்தவர்கள் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

ரோமர்கள் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, முசிறியில் இறங்கியவர்களில் இத்தாலியில் பிறந்தவர்கள் சிலராகவே இருந்திருப்பார்கள். அலெக்சாந்திரியக் கிரேக்கர், எகிப்தியர், சிரியாக்காரர் என்று பேரரசின் கிழக்கோரத்து மக்களே அதிகம். தமிழ்ப் புலவர்கள் எல்லாரையும் சேர்த்து யவனர் என்றார்கள். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல் அகநானூற்றின் 149-ஆம் பாடலில் வருகிறது. முல்லைப்பாட்டில் யவனர்கள் அரசனின் பாசறைக்குக் காவல். முசிறியில் அகஸ்டஸுக்குக் கோயில் இருந்ததாக ஒரு பழைய ரோம வரைபடத்தின் பிற்காலப் பிரதி காட்டுகிறது. 2007 முதல் கொடுங்கல்லூர்ப் பக்கம் பட்டணம் என்ற ஊரில் நடந்த கேரள அகழாய்வுகளில் மது ஜாடி ஓடுகள் ஏராளமாக வந்தன. கோயில் வரவில்லை.

அவர்கள் மட்டும் இங்கே வரவில்லை, நம்மவர்களும் அங்கே போனார்கள். எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில், ஒரு கோயில் முற்றத்தில் இந்திய மண்ஜாடி ஒன்று புதைந்திருந்தது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு, அப்படியே. அங்கேயும் குசெய்ர் அல் காதிம் என்ற துறையிலும் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். கண்ணன், சாத்தன் என்று பெயர் வைத்த ஆட்கள் அங்கே சோறு பொங்கியிருக்கிறார்கள். இந்த வியாபாரத்தை ரோமர்கள் நடத்தினார்கள், நாம் சரக்கு மட்டும் கொடுத்தோம் என்று பழைய ஆங்கிலப் புத்தகங்கள் எழுதிய தொனிக்கு இந்த ஓடுகளே போதுமான மறுப்பு.

சரி, ரோமர்கள் இங்கே எதை விட்டுப் போனார்கள்? நேரடியாகப் பார்த்தால், சொற்பம். ஒரு சாலை போடவில்லை, சட்டம் எழுதவில்லை, படை நடத்தவில்லை. கரூரில் லத்தீன் பேசியவர் ஒருவர் இருந்திருந்தால் அவர் கணக்குப்பிள்ளைக்குத் துபாஷியாகத்தான் இருந்திருப்பார். ரோமின் செல்வாக்கு நீலகிரிக்கு ஏறி வந்தது 1,800 ஆண்டு கழித்து, ஆங்கிலேயனின் டிரங்குப் பெட்டியில்.

அப்படி வந்தது கொஞ்சநஞ்சமல்ல. 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் மரத்துக்கு மரம் தொங்கும் பலகையைப் பாருங்கள்: கற்பூரத் தைல மரம் ‘யூகலிப்டஸ் குளோபுலஸ்’, தேயிலை ‘கமேலியா சினென்சிஸ்’, குறிஞ்சி ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா’. வரையாட்டுக்கும் ‘நீல்கிரிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்’ என்று ஒரு பெயர். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் 1753-ல் நிலைநாட்டிய முறை இது. வேர்ச்சொல் கிரேக்கமாக இருந்தாலும், ஆள்பெயராக இருந்தாலும், லத்தீன் இலக்கணத்துக்குள் வந்தால்தான் அது பெயர். செத்துப்போன மொழி என்கிறார்கள். ஊட்டிப் பூங்காவில் அதற்கு ஆயிரக்கணக்கில் புழக்கம்.

ஊட்டி மறைமாவட்டத்துக் கத்தோலிக்கக் கோயில்களில், 1960-கள்வரை, திருப்பலி லத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே தமிழுக்கு வந்தது. அந்த லத்தீனில் அர்த்தம் தெரியாமலே பதில் சொல்லிப் பழகிய தலைமுறையில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். திபேரியஸ் காசிலிருந்த ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ பட்டம் இப்போது போப்பாண்டவருக்கு; ரோமில் அவர் பெயரில் வைக்கும் கல்வெட்டுகளில் இன்றும் பொறிக்கிறார்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கு நாள் குறிப்பதும், ஜூலையில் கூடலூருக்குப் பள்ளி விடுமுறை விடுவதும் ஜூலியஸ் சீசர் கி.மு. 45-ல் சீர்செய்த காலண்டரின் வழிவந்த மாதங்களில்.

இதையெல்லாம்விட வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமத் தங்கக்காசுகளில் பலவற்றில் துளை இருக்கும். கோத்துக் கழுத்தில் போட்டதற்கான துளை. உள்ளூர்க் கம்மாளர்கள் அதே முகத்தைப் பார்த்துத் தாங்களே காசு அடித்ததும் உண்டு. எழுத்து தெரியாமல் அடித்ததால் லத்தீன் எழுத்து வெறும் கோடும் வட்டமுமாக ஓடும். புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சக்கரவர்த்தியின் முகத்தில் உளியால் ஒரு வெட்டு. இது காசாகச் செல்லாது, இனி பொன்னாக எடைபோடு என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். காரணம் எதுவோ, முகத்துக்கு மரியாதை இல்லை, உலோகத்துக்கு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே இடத்துக்கு இன்னொரு காசு வந்தது. விக்டோரியாவின் தலையோடு, சுற்றிலும் லத்தீன் எழுத்தோடு வந்த பிரிட்டிஷ் தங்கக்காசு. அரசரின் தலையை ஒரு பக்கம் பக்கவாட்டில் காட்டி, வட்டமாகப் பட்டம் எழுதும் பாணியே ரோமக் காசின் பாணி. மறுபக்கம் குதிரையேறி அரக்கப் பாம்பைக் குத்தும் வீரனை 1817-ல் செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி. ரோம் நகரில் பிறந்து, பழைய ரோம பாணியில் மணிக்கல் செதுக்கிப் பழகியவர். தமிழ்ப் பெண்கள் அந்தக் காசையும் துளையிட்டும் வளையம் வைத்தும் காசுமாலையாக்கினார்கள். சவரன் என்ற அளவு அதிலிருந்துதான் நிலைத்தது.

எடையைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ் சவரன் காசு 7.98 கிராம். நகைக்கடைக் கணக்கில் அதை முழுசாக்கி 8 கிராம் என்கிறோம். அகஸ்டஸ் அடித்த தங்கக்காசு, ரோம ராத்தலில் நாற்பதில் ஒரு பங்குக்கு நெருக்கம், ஏறக்குறைய 7.8 கிராம், நீரோதான் அதை நாற்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைத்தார். ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்த எடை அல்ல, வெறும் தற்செயல். ஆனாலும், முசிறியில் அகஸ்டஸ் காசைக் கையில் வாங்கிய வியாபாரியிடம் இன்றைய குன்னூர் நகைக்கடையில் ஒரு சவரன் வைத்து நிறுத்தச் சொன்னால், கால் கிராம்கூட வித்தியாசம் வராது.